கிரைண்டருக்குப் பின்னால் மணி

ஐயா,

எங்கள் மணி, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். போன தீபாவளிக்கு ஒரு சரவெடிச் சத்தத்தில் கிரைண்டருக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. விடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இந்த வருஷம் ஒரு மாதம் முன்பே போனில் வெடிச் சத்தத்தை மெல்ல வைத்து, கூடவே ஈரல் துண்டு கொடுத்துப் பழக்குகிறேன். நடுங்கினால் தடவியும் கொடுக்கிறேன். (செல்லம் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்பார்கள், ஆகாது.)

சரி, வீட்டுக்குள் இவ்வளவுதான் முடியும். தீபாவளிக்கு வெடி வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று 2018-லேயே அரசு நேரம் குறித்தது. எங்கள் தெருவிலோ நள்ளிரவிலும் அணுகுண்டு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காக வெடியே வெடிப்பதில்லை. நான் கேட்பது அந்த இரண்டு மணி நேரக் கணக்கை மட்டும்தான்.

ஒரு வாசகி,
மதுரை