விஸ்கி நெக்ரோனி புதியதன்று, பாரிஸில் பிறந்தது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வார இறுதி இணைப்பில், நெக்ரோனி என்னும் இத்தாலியக் கொக்டெயிலில் ஜின்னுக்குப் பதிலாக விஸ்கி சேர்த்து வீட்டிலேயே தயாரிக்கும் முறை ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். பாரிஸில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு பாரில் பானம் கலக்கும் வேலை செய்துவருபவன் நான். இந்த நகரத்து உணவகங்களின் சமையற்கட்டுகளிலும் பார்களிலும் நம்மவர்கள் பெருந்தொகையாக உழைத்தும், இந்தத் தொழிலின் நுணுக்கங்கள் தமிழில் எழுதப்படுவது அரிது என்பதால், அந்தப் பக்கத்தைக் கண்டதும் உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் அதில் உள்ளபடி செய்து பார்க்கும் வாசகருக்குக் கிடைப்பது நல்ல பானமாக இராது என்பதோடு, அதன் அளவைப் பற்றிய ஒரு வரி ஆபத்தானதாகவும் இருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், இது அண்மையில் யாரோ கண்டுபிடித்த புதுமையன்று. 1919ஆம் ஆண்டளவில் புளோரன்ஸ் நகரில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, தாம் வழக்கமாக அருந்தும் அமெரிக்கானோவில், அதாவது கம்பாரி என்னும் கசப்பு மதுவும் வெர்மூத் என்னும் மூலிகை வைனும் சோடாவும் சேர்ந்த பானத்தில், சோடாவை நீக்கி ஜின் சேர்க்கச் சொன்னதிலிருந்து நெக்ரோனி தோன்றியது என்பது தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அதன் விஸ்கி வடிவம் பிறந்ததோ பாரிஸில், ஒப்பராவுக்கு அருகே, ரூ தோனு 5ஆம் இலக்கத்தில் இன்றும் இயங்கும் ஹரிஸ் நியூயோர்க் பாரைச் சுற்றித்தான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது அந்நாட்டவர் பலர் இங்கே வந்து தங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவரான எர்ஸ்கின் க்வின், ‘பூல்வார்தியே’ என்ற பெயரில் ஒரு மாத இதழை நடத்தினார். பெருவீதிகளில் உலாவித் திரிபவர் என்பது அச்சொல்லின் பொருள். அந்தப் பாரின் உரிமையாளரான ஹரி மக்எல்ஹோன் 1927இல் வெளியிட்ட நூலில், க்வின்னுடைய பானமாக போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி, கம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவில் சேர்ந்த கலவை பதிவாகியிருக்கிறது. இதழின் பெயரே பானத்துக்கும் நிலைத்துவிட்டது. நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பேலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் பிறந்த ஒன்றை நம் பத்திரிகை அதன் பெயர் சொல்லியே அறிமுகம் செய்திருக்கலாம்.

மூன்றையும் சம அளவில் சேர்க்கலாம் என்று தங்கள் கட்டுரை சொல்வது 1927இன் குறிப்போடு ஒத்துப்போகிறதே என்று கேட்கலாம். ஒத்துப்போகிறதுதான். ஆயினும் நாக்கு அதை ஏற்பதில்லை. ஜின்னில் உள்ள ஜூனிப்பர் என்னும் காயின் வாசனை கூர்மையானது. கம்பாரியின் கசப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். போர்பனின் குணம் அப்படிப்பட்டதன்று. குறைந்தது 51 விழுக்காடு சோளத்தைக் கொண்டு வடிக்கப்பட்டு, உட்புறம் கரியேற்றிய புதிய ஓக் பீப்பாயில் கிடந்து முதிர்வதால் அதற்கு வனிலாவையும் தீய்ந்த சர்க்கரையையும் ஒத்த மென்மையான இனிப்பு வந்துசேர்கிறது. அந்த மென்மை, சம அளவுக் கம்பாரிக்குள் அமிழ்ந்து காணாமலே போய்விடும். எனவேதான் இன்று பெரும்பாலான பார்களில் 45 மில்லி லீற்றர் விஸ்கிக்குக் கம்பாரியும் வெர்மூத்தும் தலா 30 மில்லி லீற்றர் என்று கலக்கிறோம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது விமான நிலையத்தில் வாங்கிவந்த ஸ்கொச் என்பதை நான் அறிவேன். புகை வாசனை இல்லாத ஸ்கொச்சாக இருந்தால் கம்பாரியை 20 மில்லி லீற்றராகக் குறைத்து அதையே பயன்படுத்தலாம். புகை வாசனை மிகுந்தவை வேண்டாம். அந்தப் புகையும் கம்பாரியின் கசப்பும் ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

வெர்மூத் போத்தலை அலுமாரியில் வைக்கலாம் என்று எழுதியிருப்பது பெரிய தவறு. வெர்மூத் என்பது மூலிகை சேர்த்து, சிறிது மதுசாரம் ஊட்டப்பட்ட வைன். திறந்துவிட்டால் காற்றுப்பட்டு நாளுக்கு நாள் கெடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதற் கிழமையில், எனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்தவர், ஒரே பெயருடைய இரண்டு போத்தல்களிலிருந்து சிறு கிளாஸ்களில் ஊற்றி முகர்ந்து பார்க்கச் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததில் உலர்ந்த தோடம்பழத் தோலும் மூலிகையும் மணத்தன. மூன்று மாதம் தட்டில் நின்றதில் நனைந்த மட்டைப் பெட்டியின் வாசனையும் வினாகிரியின் புளிப்பும்தான் இருந்தன. அன்றிலிருந்து, திறந்த திகதியைப் போத்தலின் கழுத்தில் எழுதி ஒட்டாமல் எந்த வெர்மூத்தையும் நான் வைப்பதில்லை. குளிரில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதனால் வீட்டுக்குச் சிறிய போத்தலே ஏற்றது.

அடுத்து, இதைக் குலுக்கக்கூடாது. பழச்சாறோ பாலோ முட்டையோ சேராத பானத்தைக் கலக்கத்தான் வேண்டும். குலுக்கினால் காற்றுக் குமிழிகளும் ஐஸ் துகள்களும் புகுந்து நிறம் கலங்கிப்போகும். பெரிய ஐஸ் கட்டிகள் நிறைந்த கிளாஸில் நீண்ட கரண்டியால் அரை நிமிடம் சத்தமின்றிச் சுழற்றினால், குளிர்வதோடு தேவையான நீரும் கரைந்து சேரும். நம் வீட்டு உறைபெட்டியில் மீனும் இறைச்சியும் அரைத்த மிளகாயும் இருப்பது இயல்பு. ஐஸ் அந்த வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பதால் அதை மூடியுள்ள பெட்டியில் தனியே உறையவைத்துக்கொள்ளுங்கள். கடைசியில், வெள்ளைப் பகுதி சேராமல் சீவிய தோடம்பழத் தோலின் வெளிப்புறத்தைப் பானத்தை நோக்கிப் பிடித்து மடித்து நெரித்தால், எண்ணெய் மெல்லிய தூறலாகத் தெறித்துப் பானத்தின் மேல் மினுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிளாஸை வாயருகே கொண்டுபோகும்போது முதலில் வருவது அந்த வாசனைதான்.

வீட்டுக்கே உரிய ஒரு சுவையை ஏற்ற விரும்புவோருக்கு, என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். 200 மில்லி லீற்றர் போர்பனில் விரல் நீளமுள்ள இலங்கைக் கறுவாப்பட்டை ஒன்றைப் போட்டு, நாலைந்து மணித்தியாலம் ஊறவிட்டு, இடையிடையே சுவைத்துப் பார்த்து எடுத்துவிடுவேன். முதல் முறை மறந்துபோய் இரண்டு இரவுகள் விட்டதில் துவர்ப்பேறி முழுவதையும் ஊற்றிவிட நேர்ந்தது. மெல்லிய ஏடுகளாகச் சுருண்ட கறுவாவே இதற்கு வேண்டும். தடித்த, கடினமான கசியாப் பட்டை முரட்டுக் காரம் உடையது.

இனி, நான் முக்கியமாகச் சுட்டிக்காட்ட விரும்பும் வரிக்கு வருகிறேன். விருந்தினருக்குச் சாப்பாட்டுக்கு முன் “இரண்டு மூன்று தாராளமாகக் கொடுக்கலாம்” என்று கட்டுரை முடிகிறது. மேலே சொன்ன அளவில், 40 பாகை (அதாவது 40 விழுக்காடு மதுசாரம்) விஸ்கியும் 25 பாகைக் கம்பாரியும் 16 பாகை வெர்மூத்தும் சேரும்போது ஒரே கிளாஸில் ஏறத்தாழ 24 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. பிரான்சில் ஓர் அலகு என்று கணக்கிடப்படுவது 10 கிராம், அதாவது 100 மில்லி லீற்றர் வைன். நாளொன்றுக்கு இரண்டு அலகுக்கு மேற்படாமலும், நாள்தோறும் அருந்தாமலும் இருக்கவேண்டும் என்பது இங்குள்ள பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. அந்த இரண்டு அலகை ஒரு பூல்வார்தியே தனியாகவே தாண்டிவிடுகிறது. வாகனம் ஓட்டுவோருக்கு இரத்தத்தில் லீற்றருக்கு 0.5 கிராம் என்பதும், புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கு 0.2 கிராம் என்பதும் சட்ட வரம்பு. கொண்டாட்டத்துக்கு வந்து, மனைவி பிள்ளைகளோடு புறநகருக்குக் காரோட்டித் திரும்பும் ஒருவருக்கு இதைப் பழச்சாறுபோல் இரண்டாவது முறை நீட்டுவது விருந்தோம்பல் ஆகாது.

அடுத்த வார இணைப்பில், செய்முறையின் திருத்தத்தை வெளியிட இடமில்லாவிட்டாலும், அந்தக் கடைசி வரிக்கான திருத்தத்தை மட்டுமாவது அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகன்,
பாரிஸ் 18