ரயில் இருக்கிற கரைக்குப் போ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இத்தாலியில் அமால்ஃபி கரைக்குப் போவதா, சிங்குவே தெர்ரே என்கிற ஐந்து ஊர்க் கரைக்குப் போவதா என்று நேற்று போனில் கேட்டாய். அவசரத்தில் சொல்ல மனமில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கப்பல் சலேர்னோவிலும் லா ஸ்பெசியாவிலும் நின்றபோதெல்லாம் லீவு கேட்டு இறங்கி, இரண்டு கரையையும் நடந்து பார்த்தவன் நான்.

அழகை வைத்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில்கூட இரண்டையும் ஒரே வருஷம், 1997-இல்தான் சேர்த்தார்கள். ஆனால் நீ மூன்று வயதுப் பிள்ளையோடு போகிறாய். அமால்ஃபி கரையில் ஊர்களைக் கோத்துக்கொண்டு போவது மலை விளிம்பில் ஒட்டிய ஒரு குறுகல் சாலை. எதிரே இன்னொரு பஸ் வந்துவிட்டால் அங்குலம் அங்குலமாகத்தான் நகரும். கொடைக்கானல் பஸ் மலையேறத் தொடங்கியதுமே என் சட்டையில் வாந்தி எடுத்த பிள்ளை நீ. பேரனும் அப்படியே என்று அம்மா சொல்கிறாள்.

சிங்குவே தெர்ரேக்கே போ. லா ஸ்பெசியாவிலிருந்து லெவாந்தோ போகும் ரயில் ஐந்து ஊரிலும் நிற்கும், ஊருக்கு ஊர் சில நிமிஷம்தான். மொந்தெரோஸ்ஸோவில் ரூம் போடு, பிள்ளை விளையாட நல்ல மணல் அங்கேதான் உண்டு. கொர்னிலியாவில் மட்டும் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு 380 படிகளுக்குக் கிட்ட ஏற வேண்டும். மினிபஸ் வந்தால் ஏறிக்கொள்.

வெர்னாத்ஸாவுக்கு மேலே, மலைச்சரிவில் படிப்படியாக அமைத்த திராட்சைத் தோட்டத்துச் சுவர்களை நின்று பார். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் கிடையாது, கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கியது. ஓர் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே குளிர்ந்து ஈரமாக இருந்தது. மழைத்தண்ணீர் அந்த இடுக்கு வழியே கசிந்து இறங்கிவிடும், மண் மலையிலேயே நிற்கும். விவசாயத்தை விட்டு ஆட்கள் போகப் போக, பல தோட்டப் படிகள் கவனிக்க ஆளில்லாமல் சரிந்தன. 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் மலைமண் இறங்கி வெர்னாத்ஸா, மொந்தெரோஸ்ஸோ தெருக்களை மூடியது. உயிரும் போனது. டிவியில் பார்த்தபோது, நான் காப்பி குடித்த அந்தச் சின்னப் படகுத்துறை எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஊர்க்காரர்கள் சேற்றை வாரி மறுபடி எழுப்பினார்கள். அந்தச் சுவர்மேல் பேரனை ஏற விடாதே, பாப்பா. அப்புறம், பயணத்தை மே மாதத்திலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வை. ஆகஸ்டில் இத்தாலிக்காரர்களே கடற்கரைக்கு வந்துவிடுவார்கள்.

மாப்பிள்ளைக்கு அமால்ஃபிதான் ஆசை என்றால், சரி, சலேர்னோவில் தங்குங்கள். அதுவரை ரயில் வரும், அங்கிருந்து அமால்ஃபிக்கும் போசிதானோவுக்கும் படகில் போகலாம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள். அமால்ஃபி எலுமிச்சையைச் சாப்பிடாமல் வராதே. நீளமாக, கைக்கு அடங்காமல் இருக்கும். தோலோடு வட்டமாக நறுக்கிச் சர்க்கரை தூவித் தந்தார்கள், தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சதை கசக்கவே இல்லை. அம்மாவுக்கென்று ஒன்று எடுத்து வைத்தேன், ஊர் வந்து சேர்வதற்குள் அழுகிவிட்டது.

ஐந்து நாளில் இரண்டு கரையும் வேண்டாம். ஒரு நாள் ரயிலிலேயே கழிந்துவிடும்.

டிக்கெட் போட்டதும் தேதி சொல். லெவாந்தோ பக்கம் போகும்போது கடல் இடது கைப்பக்கம் வரும், பேரனை அந்த ஜன்னலில் உட்கார வை. சுரங்கம் முடிந்து கடல் தெரியும்போதெல்லாம் கத்துவான். கத்தட்டும், அதட்டாதே.

அன்புடன்,
அப்பா