பூஜாங் பள்ளத்தாக்குப் பயணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு,

வணக்கம். செப்டம்பர் 19, சனிக்கிழமை, பிள்ளைகளைக் கெடாவில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். மாநிலம் தாண்டிப் போவதால் கல்வி இலாகாவுக்கு விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது. இந்தக் கடிதத்தோடு ஓர் இணக்கப் படிவம் வருகிறது. ஜூலை 17-க்குள் அது என் மேசைக்கு வந்துவிட வேண்டும். வருகிறார் அல்லது வரவில்லை, இரண்டில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "பார்க்கலாம் டீச்சர்" என்ற பதிலை இந்த முறை வாங்கிக்கொள்ள மாட்டேன். காரணத்தைக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிலர், தம்புனில் இருக்கும் தண்ணீர்ப் பூங்காவுக்கே போகலாமே, பிள்ளைகள் குதித்து விளையாடுவார்களே என்றீர்கள். விளையாடுவார்கள்தான். ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து தம்புன் கூப்பிடு தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூட்டிப் போகலாம். பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கும் மெர்போக்குக்கு நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறோம்? நான் முதன்முதலில் அங்கே போனபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

ஜெராய் மலை அடிவாரத்தில் தொல்பொருள் காட்சியகம் இருக்கிறது. அதை ஒட்டிய சரிவில், ஓடையோரமாக, புக்கிட் பத்து பாஹாட் சண்டி நிற்கிறது (சண்டி என்றால் பழங்காலக் கோயில்). 1936, 37-இல் தோண்டிப் பார்த்து, 1960 வாக்கில் கல் கல்லாகத் திரும்ப அடுக்கிய கோயில் அடித்தளம் அது. அதன் பகுதிகளை விமானம், மண்டபம் என்றுதான் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நம் கோயிலில் பிள்ளைகள் தினமும் கேட்கும் அதே சொற்கள். வழியில் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களையும் பார்க்கலாம். ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின் மீது, அதாவது இந்தக் கெடாவின் மீது, படையெடுத்தது உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளைகளிடம் சொல்லும்போது மட்டும், அங்கே இருப்பதெல்லாம் அவன் கட்டியது என்று சொல்லி அனுப்பாதீர்கள். அவன் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது கப்பல்கள் வந்துபோன துறைமுகம். பட்டினப்பாலை சொல்லும் 'காழகத்து ஆக்கம்' இந்தக் கரையிலிருந்து பூம்புகாருக்குப் போன சரக்கு என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பௌத்தச் சின்னங்களும் உண்டு, சீனப் பீங்கான் ஓடுகளும் உண்டு. 2013-இல் அந்த வட்டாரத்தில் பதினோராம் எண் சண்டி நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டதும் உண்டு. மிச்சம் இருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இனி பேருந்து. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டுப் பயணத்தன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் முன்பணம் கட்டியது ஒரு பேருந்துக்கு, காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் வந்து நின்றது வேறொன்று. பதிவு எண் வேறு, ஓட்டுநர் வேறு, பின்வரிசைகளில் பாதிக்கு இருக்கைப் பட்டையே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். மாற்றுப் பேருந்து வந்து சேர மணி ஒன்பது இருபது. அதுவரை பிள்ளைகள் மண்டபத்தில் உட்கார்ந்து, மதியத்துக்குக் கொண்டுவந்த ரொட்டியைத் தின்று முடித்துவிட்டார்கள். அன்று என்னிடம் கோபப்பட்ட பெற்றோரும் உண்டு. இன்னொரு முறை அப்படி நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

2025 ஜூன் 9 அதிகாலையில், நம் பேராக்கிலேயே, கெரிக் அருகே நடந்த விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்களை இழந்தோம். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் இருக்கைப் பட்டை அணிவது கட்டாயம் ஆகிவிட்டது. சட்டம் சொல்வது இருக்கட்டும், பட்டை இருந்தால்தானே அணிவது? அதனால் இந்த முறை மூன்று இடங்களில் விலை கேட்டோம். மிகக் குறைவாகச் சொன்னவர் 1,450 வெள்ளி. வாகனத்தின் கடைசி புஸ்பாகோம் பரிசோதனை அறிக்கையைக் காட்டுங்கள் என்றதும் அவர் பேச்சை மாற்றினார், ஓட்டுநர் யார் என்றும் சொல்லவில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்திருப்பது 1,800 வெள்ளி சொன்ன 44 இருக்கைப் பேருந்து. டோலும் ஓட்டுநர் சாப்பாடும் அதில் அடக்கம். பதிவு எண்ணும் ஓட்டுநர் பெயரும் ஒப்பந்தத்திலேயே எழுதியாகிவிட்டது. சங்கத் தலைவரும் நானும் நேரில் போய் 44 பட்டைகளையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். கழற்றவே முடியாத ஒன்றை மாற்றச் சொல்லியிருக்கிறோம்.

ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்காருவார். கோலகங்சார் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் ஏற்ற இறக்கம் வருகிறது, அங்கே வேகம் காட்டினால் சொல்ல ஒருவர் வேண்டும். ஒரு சின்ன வேண்டுகோள்: அப்பாமார் சிலர் காரில் பின்னாலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகள் பின் கண்ணாடியை விட்டு நகர மாட்டார்கள், பட்டையும் போட மாட்டார்கள்.

கணக்குக்கு வருகிறேன். இரண்டு வகுப்பிலும் சேர்த்து நம்மிடம் 36 பிள்ளைகள். எல்லாரும் வந்தால் பேருந்துக்குத் தலைக்கு 50 வெள்ளி. ஆறு பேர் கடைசி வாரத்தில் வரவில்லை என்றால், பேருந்துக்காரர் குறைத்துக்கொள்ள மாட்டார், மீதி 30 பிள்ளைகளுக்குத் தலைக்கு 60 வெள்ளி ஆகும். உங்கள் "பார்க்கலாம்" பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பத்து வெள்ளி. இதனால்தான் ஜூலையிலேயே கேட்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பத்து, காப்புறுதிக்கும் சில்லறைச் செலவுக்கும் ஐந்து. ஆக 65 வெள்ளி. அதில் 15 வெள்ளியைச் சங்கம் ஏற்றுக்கொள்கிறது. நீங்கள் கட்ட வேண்டியது 50. ஜூலையில் இருபது, ஆகஸ்டில் இருபது, செப்டம்பரில் பத்து என்று சம்பளம் வந்த வாரத்தில் கட்டலாம். அதுவும் முடியாத வீடு இருந்தால் பிள்ளையிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், நீங்களே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது எனக்கும் அலுவலகக் கிராணிக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு மூன்று பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் வீட்டுக்கும் இதே பேச்சுதான்.

படிவத்தில் மைகிட் (பிள்ளைகளின் அடையாள அட்டை) எண் கேட்டிருக்கும். பிறப்புப் பத்திரச் சிக்கலால் அந்த எண் இல்லாத பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள். காப்புறுதிக்கு என்ன செய்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஒரு காரணத்துக்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

பெரியவர்கள் ஆறு பேர் உடன் வருவார்கள்: நான்கு ஆசிரியர்கள், இரண்டு அம்மாமார். ஒருவர் பொறுப்பில் ஆறு பிள்ளைகள். மீதி இரண்டு இருக்கைகளை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறோம், யாருக்காவது தலை சுற்றினால் முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்க. பெயர் கூப்பிட்டால் வேடிக்கை பார்த்துக்கொண்டே யாராவது யாருக்காவது "இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். பேருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை அவர்களே சொல்ல வேண்டும். போகும்போதும் வரும்போதும் குனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் நிறுத்துவோம்.

காலை 5.45-க்குப் பள்ளி வாசலில் இருக்க வேண்டும், 6.15-க்குப் பேருந்து கிளம்பிவிடும். தோட்டத்தின் உள்பக்க லயங்களில் இருக்கும் பிள்ளைகளை வேன் அண்ணன் ஐந்து மணியிலிருந்து ஏற்றிக்கொள்வார், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. காலையில் சம்பல் போட்ட நாசி லெமாக் கொடுத்து அனுப்பாதீர்கள், அது பெரும்பாலும் தைப்பிங் தாண்டுவதில்லை. கேன்டீன் அக்கா கட்டித் தரும் இட்லி போதும். உடற்பயிற்சிச் சட்டை, காலணி, தண்ணீர், ஒரு மழைக்கோட்டு. செப்டம்பரில் அந்தப் பக்கம் மாலை மழை அதிகம், கோயில் கல் வழுக்கும், சிலிப்பர் வேண்டாம். கைச்செலவுக்கு இருபது வெள்ளிக்கு மேல் கொடுக்காதீர்கள். கைப்பேசி வேண்டாம். எங்கே இருக்கிறோம் என்று வகுப்பாசிரியர் புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டுக்கொண்டே இருப்பார். இழுப்பு மருந்து, மாத்திரை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் என்றால் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி, மருந்தைப் பெயர் ஒட்டிப் பொறுப்பாசிரியர் கையில் கொடுங்கள்.

திரும்பி வர இரவு ஏழரை ஆகலாம். பேருந்து நிற்கும் இடம் பள்ளி வாசல் மட்டுமே. வழியில் கோயில் முன்னாலோ சந்தை முக்கிலோ யாரையும் இறக்கிவிட மாட்டோம். கூட்டிப் போக வருபவர் பெயரைப் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். தாத்தா வருவார் என்றால் தாத்தா பெயர். வேன் பிள்ளைகள் வேனிலேயே வீட்டுக்குத் திரும்புவார்கள்.

நேற்று சபையில், யாரெல்லாம் வருகிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னேன். எண்ணினால் 37 வந்தது. மறுபடி எண்ணினோம். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்