மகாமண்டபத் தளத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம். நம் ஆலய மகாமண்டபத்தில், நீர் சிந்தினால் வழுக்கிய பழைய டைல்ஸின் மேலேயே சொரசொரப்பான புதிய டைல்ஸ் பதிக்கும் பணி நிறைவுற்றது.

பழைய தளத்தை ஏன் பெயர்க்கவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடைக்கும் இயந்திரத்தின் அதிர்வால் மூலவர் சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து விரிசல் காணக்கூடும் என்று ஸ்தபதி எச்சரித்ததே முதற்காரணம். நித்திய பூஜையைத் தூசிக்கு நடுவே நடத்தவும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. கருங்கல் பாவலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆயினும் கல்லும் அடிச்சாந்தும் சேர்ந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்ந்தால் மண்டபத் தளம் கருவறையை ஒட்டிய அர்த்தமண்டபத்தின் தள உயரத்தை எட்டிவிடும் என்பதால் கைவிட்டோம். 10 மி.மீ. டைல்ஸும் பசையுமாக இப்போது உயர்ந்திருப்பது அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம்.

மேஸ்திரி பழைய டைல்ஸ் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலித்தவற்றில் சாக்கட்டியால் குறியிட்டார். அவற்றை மட்டும் கையுளியால் எடுத்துச் சாந்து நிரப்பினோம். பளபளப்பான முகம் நீரை உறிஞ்சாதாகையால் அதன்மேல் சிமெண்ட் பால் பிடிக்காது. எனவே கிரைண்டரால் மினுக்கத்தைத் தேய்த்து நீக்கி, டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15477 பொறித்த பசையை, விளிம்பில் பற்கள் கொண்ட பல்கரண்டியால் பூசிப் பதித்தோம்.

விளக்கு மேடையருகே ஒரு பிழை நேர்ந்ததை மறைப்பதற்கில்லை. அங்கே பதித்த டைல்ஸ் மறுநாள் காலையில் கைப்பிடியிலேயே பெயர்ந்து வந்தது; பசை முழுவதும் புது டைல்ஸின் முதுகில் ஒட்டியிருக்க, கீழ்த்தளத்தைத் தொட்ட விரலில் நல்லெண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் சிந்திய எண்ணெய் இடுக்குகளின் வழியே அடிச்சாந்து வரை இறங்கியிருந்ததை நாங்கள் முன்பே கவனித்திருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் பழைய டைல்ஸைக் கையாலேயே அகற்றிப் புதுச்சாந்து இட்டு, அது இறுகிய பின் மீண்டும் பதித்தோம்; இதனால் பணி சில நாள் தாமதமாயிற்று.

தளம் உயர்ந்ததால் கதவுகளின் அடிப்பகுதி இழைக்கப்பட்டது. அங்கணத்து வாய்ச்சட்டத்தை உயர்த்தி, வாட்டத்தை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, குடம் குடமாக நீர் ஊற்றித் தேங்காததை உறுதிசெய்தோம். சுவரோரம் விட்ட சிறு இடைவெளி வெயிலில் டைல்ஸ் விரிவதற்கானது; அதைச் சிமெண்டால் அடைத்துவிட வேண்டாமென்று பணியாளர்களிடம் கூறியுள்ளோம். தரை கழுவ ஆசிட் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும்.

வரவு செலவுக் கணக்கையும் ரசீதுகளையும் ஆலய அலுவலகத்தில் பார்வையிடலாம். மிஞ்சிய டைல்ஸ் பிற்காலப் பழுதுக்கென மடைப்பள்ளிப் பரணில் வைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்