ஆயிரத்து எரநூறும் ஆளில்லாத வீடும்

மாப்ள,

உன் மாமியாருக்கு பஞ்சாயத்து நர்ஸு வீட்டுக்கே வந்து டியூப் மாத்திட்டுப் போகுதுன்னு கோழிக்கோட்டுல இருந்து போட்டிருந்தியே, அத நம்ம டீக்கடையில சொன்னேன், ஒருத்தனும் நம்பல. பஞ்சாயத்துன்னா தெருவிளக்கு, தண்ணிக் குழாய், அதுக்கு மேல என்னன்னு கேக்குறாய்ங்க.

இங்க சுகந்தான். 58 கிராமக் கால்வாய்ல தண்ணி விடுவாய்ங்களான்னு வழக்கம்போல உசிலம்பட்டியே பாத்துக்கிட்டு இருக்கு. முழங்கால் வலி இருக்கு, அத விடு.

மேலத்தெரு பெரியாத்தா தெரியும்ல, கொழுக்கட்டை குடுத்து நம்மள வேலை வாங்குமே, அது தொழுவத்துல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போயி இப்ப படுத்த படுக்கை. மகன் திருப்பூர்ல, மக மெட்ராஸ்ல. முதியோர் பணம் 1200 வருது, 2023ல தான் ஆயிரத்துல இருந்து கூட்டுனாங்க, அதுல மத்திய அரசு பங்கு என்னான்னா 80 வயசுக்குக் கீழ 200, 80 தாண்டுனா 500, மிச்சம் பூரா ஸ்டேட்டு தான், அந்த 200 பதினஞ்சு வருசத்துக்கு மேல அசையாம கெடக்கு. அந்தப் பணத்தக் குடுக்க கைநாட்டு மெஷின தூக்கிக்கிட்டு ஒரு தம்பி வருவான், பெரியாத்தா வெரல்ல ரேகையே தேஞ்சு போச்சு, எண்ணெயத் தொடச்சு, ஈரத்துணியில தேச்சு, ஒவ்வொரு வெரலா வச்சுப் பாத்து கடைசியில எடது கை மோதிர வெரல்ல தான் பச்ச லைட்டு எரியும். அந்தப் பணமும் டயாப்பருக்கே பத்தல.

சும்மா கொறை சொல்லக்கூடாது. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிரசர் மாத்திரை, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, அதக் கொண்டார புள்ள பிரசர் பாத்து நோட்டுல எழுதி, காலைக்கு எது ராத்திரிக்கு எதுன்னு ரெண்டு தடவ சொல்லிட்டுத் தான் போகும். 2025 ஆகஸ்ட்ல இருந்து வயசானவங்களுக்கு ரேஷனும் வீட்டுக்கு வருது. ஆனா அந்த அரிசிய ஒலையில போட யாரு இருக்கா? முதியோர் பணம் வாங்குறவங்களுக்கு சத்துணவு மையத்துல மதியச் சாப்பாடு உண்டுங்கிறது ரொம்ப வருசத்து ஏற்பாடு, நடக்க முடிஞ்சவுக வாங்கலாம், படுத்துக் கெடக்குறவுகளுக்கு தூக்குவாளியில கொண்டாந்து குடுக்க ஆள் வேணும்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பெரட்டிப் போடலைன்னா முதுகுல புண்ணு வந்துரும், இப்ப பக்கத்து வீட்டு மதினி தான் களையெடுக்கப் போற நேரம் போக வந்து பெரட்டி விடுது.

பணத்தக் கூட்டிக் குடுத்தாப் போதும்னு நீ சொன்னது எனக்கு ஒப்பல மாப்ள. மூவாயிரமாக் குடுத்தாலும் பெரியாத்தா அத வச்சு ஆள் தேடிக்கிருமா? நீ சொன்ன நர்ஸுக்கு சம்பளம் உள்ளாட்சிப் பணத்துல வருது பாரு, அதுல தான் விசயமே இருக்கு. கேரளாவுல 1996ல ஊர்க்காரங்களே திட்டம் போடுற மக்கள் திட்டம் ஆரம்பிச்சப்பவே ஸ்டேட்டோட திட்டப் பணத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல உள்ளாட்சிக்குன்னு ஒதுக்குனாய்ங்க, 2008ல பாலியேட்டிவ் கொள்கையும், அதான் தீராத நோயில படுத்துக் கெடக்குறவுகளப் பாத்துக்குறதுக்கான கொள்கை, போட்டாய்ங்க. இங்க 2026 மார்ச் வரைக்கும் மத்திய அரசுல இருந்து வந்த 15வது நிதிக்குழு பணத்துல 60 சதவீதம் தண்ணிக்கும் துப்புரவுக்கும்னு கட்டிப் போட்டிருந்துச்சு, மிச்ச 40ஐ ஊர் தேவைக்கு எடுக்கலாம், ஆனா சம்பளத்துக்குத் தொடக்கூடாதுன்னு ரூல் இருந்துச்சு. பெரியாத்தாவுக்கு வேணுங்கிறது ஆளு, அந்த ஆளுக்குக் குடுக்குறது சம்பளம்! கட்டடம் கட்டுறதுன்னா நாளைக்கே எஸ்டிமேட் போட்டுருவாய்ங்க. வீட்டு வரிய நம்பலாம்னா அது முக்காவாசி மோட்டார் ரிப்பேருக்கே போயிருது. தலைவர் பதவிக்காலமும் 2025 ஜனவரியோட முடிஞ்சு தனி அலுவலர் கையில போயிருச்சு, யாரப் போய் புடிக்க.

புள்ளைங்க மேல கோட்டாட்சியர்கிட்ட மனு குடுன்னு ஒருத்தர் வந்து யோசனை சொன்னாரு, பெத்தவங்களப் புள்ளைங்க பாத்துக்கணும்ங்கிற 2007 சட்டத்துல மாசம் பத்தாயிரம் வரைக்கும் வாங்கித் தருவாங்களாம். பெரியாத்தா கைய ஓங்கிருச்சு. எம்மகன் சாயப்பட்டறையில வேகுறான், அவனப் போய் கேஸுக்கு இழுக்கச் சொல்றியான்னு வஞ்சு அனுப்பிருச்சு.

என் ரோசனை இது தான்: மகளிர் குழுவுல ரெண்டு பேரு, காலையில சாயங்காலம் மட்டும், படுக்கையில இருக்குற வீடுகளுக்குப் போய் பெரட்டி, தொடச்சு, சாப்பாடு குடுத்துட்டு வரணும். பஞ்சாயத்து சொந்த வருமானத்துல ஒரு சின்னத் தொகை, வெளியூர்ல இருக்குற புள்ளைங்க ஒரு பங்கு. சொந்தக்காரவுக செய்யாததக் கூலிக்கு வந்தவ செய்வாளான்னு இங்க கேப்பாய்ங்க, கேக்கட்டும், எழுதிக் குடுக்காம எப்படித் தெரியும்.

அடுத்த கிராம சபையில மனுவா வைக்கணும். உங்க பஞ்சாயத்துல நர்ஸுக்கு, வண்டிக்கு, மருந்துக்குன்னு எப்படி எப்படி பிரிச்சிருக்காய்ங்கன்னு அந்தத் திட்டப் பேப்பர் கிடைக்குமான்னு கேளு. மலையாளத்துல இருந்தாலும் போட்டோ புடிச்சு வாட்ஸப்ல போடு, உன் தங்கச்சி மகன் படிச்சுச் சொல்வான்.

இப்படிக்கு
உன் பழைய பெஞ்சுக்காரன்