ஆல்டோ வரிசையிலிருந்து அத்தைக்கு

கர்த்தருக்குள் அன்பான அத்தைக்கு,

ஸ்தோத்திரம். குருவானவராகப் படிக்க வங்கி வேலையை விட்டது, சபையை நடத்தும் சேகரக் குழுவில் என் பெயர் வாசிக்கப்பட்டது, அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது எல்லாம் எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் ஊரில் செய்தி நடந்து வருவதில்லை. எனவே அவற்றை விட்டுவிடுகிறேன். நீங்கள் போனில் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். "பாடத் தெரிந்தவளுக்குப் பீடம் எதற்கு?" என்றீர்கள். பதில் சொல்வதற்குள் போனை வைத்தும்விட்டீர்கள்.

இதைத் தபாலில் போட்டிருக்கலாம். போட்டால் பிரிக்காமல் வேதாகமத்துக்குள் செருகி வைத்துவிடுவீர்கள் என்று தெரியும். இங்கே எழுதினால் யாராவது ஒரு பேத்தி போனைக் கொண்டுவந்து உங்கள் கண்முன் நீட்டுவாள். ஊர்க்காரர்களும் படிப்பார்கள். அதனால் சில இடங்களில் பெயரும் தெருவும் சொல்லாமல் கடந்துபோவேன். உங்களுக்கு விளங்கும்.

என் விசுவாசம் பிரசங்கம் கேட்டு வந்ததல்ல, அத்தை. நம் ஆலயத்தில் எத்தனை சேகரகுருமார் வந்துபோனார்கள்! ஒருவருடைய பிரசங்கமாவது எனக்கு முழுசாக நினைவில் இல்லை. கால் ஆர்மோனியத்தின் வலது மிதி கிறீச்சிடும் சத்தம் நினைவிருக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தில் நீங்கள் வேண்டுமென்றே இழுத்துப் பாடவைக்கும் கீர்த்தனைகள் நினைவிருக்கின்றன. மூச்சு முட்டும், அதைத்தான் நீங்கள் எதிர்பார்த்தீர்கள். பாட்டின் முன்னிசையை வாசிக்கும்போதே இடது கையின் சுண்டுவிரலால் ஒரு கட்டையை லேசாகத் தொட்டு, தாழ்ந்த பெண்குரல் வரிசையான ஆல்டோவுக்கு மட்டும் முதல் சுரத்தைக் காட்டுவீர்கள். சபைக்குக் கேட்காது. எங்களுக்குக் கேட்கும். கர்த்தர் பேசுகிறார் என்று பிற்பாடு யாராவது சாட்சி சொன்னபோதெல்லாம் எனக்கு அந்தச் சுண்டுவிரல்தான் ஞாபகம் வந்தது. இதை இறையியல் கல்லூரி நேர்காணலிலும் சொன்னேன். கேட்டவர்கள் சிரிக்கவில்லை.

என்னை ஏன் ஆல்டோவில் போட்டீர்கள் என்று ஒருமுறை அழுதுகொண்டே கேட்டேன். மேல்குரலான சோப்ரானோ பாடும் பிள்ளைகளின் மெட்டைத்தான் எல்லோரும் வீட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு போவார்கள்; எங்களுடையதை யார் பாடுவார்கள்? "உன் குரல் மேலே போகாது" என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். பிறகு என் பின்னலை இறுக்கிக் கட்டிவிட்டு, "நீ நிறுத்தினால்தான் நீ இருந்தது தெரியும்" என்றீர்கள். அதை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் ஓட்டிவிட்டேன்.

உங்கள் நீள நோட்டு இன்னும் இருக்கிறதா? நீல மையில் டோ, ரே, மீ எழுத்துகள், தாளத்துக்குப் புள்ளிகள், மூச்சு எடுக்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வெட்டு. அந்தச் சோல்ஃபா முறையை ஜான் கர்வென் கண்டுபிடித்தார் என்றுதான் சொல்லிக்கொடுத்தீர்கள். அதற்கு முன்பே இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் சாரா குளோவர் என்ற பாதிரியார் மகள், பள்ளிப் பிள்ளைகள் சுலபமாகப் பாட வேண்டும் என்று அதற்கு அடிப்படை போட்டிருக்கிறார். கர்வென் அதை எடுத்துத் திருத்திப் பரப்பினார். நமக்கு வந்து சேர்ந்தது அவர் பெயர்தான். இதைப் படித்ததும் நம் ஆலயச் சுவரில் தொங்கும் பாடகர் குழுத் தலைவர்களின் பலகை நினைவுக்கு வந்தது. வாரம் தவறாமல் பயிற்சி கொடுத்தவர் நீங்கள். பலகையில் இருப்பது மாமாவின் பெயர். அவர் நல்ல மனிதர். அவருக்குச் சுருதியே சேராது என்பது சபைக்கே தெரியும். நீங்கள் ஒருநாளும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. சின்ன வயதில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது எரிச்சலாக இருக்கிறது.

நம் தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே ஒரு பெண்ணைக் குருவானவராக அபிஷேகம் செய்துவிட்டது. 2013இல் புஷ்பா லலிதா நந்தியாலில் பேராயரானபோது உங்களுக்குப் பேப்பரை வாசித்துக் காட்டினேன். "அது ஆந்திராவில்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்தீர்கள்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

கரோல் பவனி. எனக்குப் பதினோரு வயது. டெம்போவின் பின்பக்கத்தில் பெஞ்சு போட்டு நாங்கள், நடுவில் கைஆர்மோனியத்தோடு நீங்கள், முன்சீட்டில் கமிட்டி ஆட்கள். வீட்டுக்கு வீடு ஒரு பாட்டு, உபதேசியார் ஜெபம், காணிக்கை உறை, சுடச்சுடச் சுக்குக் காப்பி. கீழத்தெரு முடிந்தபோது நடுச்சாமம் தாண்டியிருந்தது. அடுத்து வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அடிபம்புக்கு அந்தப் பக்கம் காகித நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்தன. பெண்கள் தட்டோடு வாசலில் நின்றார்கள். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "நேரமாகிவிட்டது, பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிவிடும்" என்றீர்கள். முந்தைய வருஷமும் அதையேதான் சொன்னீர்கள்.

தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்துவிட்டதால் டிரைவர் இறங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் வண்டி போயிருக்கும், எனக்கு இந்தக் கதையே இருந்திருக்காது. அந்த இடைவெளியில் அங்கிருந்து பாட்டு எழுந்தது. சற்று முன் கீழத்தெருவில் நாங்கள் பாடிய அதே கீர்த்தனை. கும்மி போலக் கைதட்டி, நீங்கள் ஒருபோதும் சம்மதிக்காத வேகத்தில் பாடினார்கள். நாங்கள் வரவில்லை என்று தெரிந்துகொண்டு தாங்களே தொடங்கிவிட்டார்கள். டெம்போவில் யாரும் மூச்சு விடவில்லை. முன்சீட்டிலிருந்து ஒருவர் "சீக்கிரம் கட்டுப்பா" என்றார்.

நான் பாடினேன். துணிச்சலால் இல்லை, அத்தை. மெட்டு வந்தால் என் பங்கும் வந்துவிடும். அப்படித்தான் நீங்கள் எங்களைப் பழக்கியிருந்தீர்கள். வாய்க்குள்ளேயே ஆல்டோவைப் பிடித்தேன். அந்த வேகத்துக்கும் அது பொருந்தியது! இருட்டில் உங்கள் கை வந்து என் முழங்காலை அழுத்தியது. பயிற்சியில் யாருடைய சுருதியாவது இறங்கினால் நீங்கள் அப்படித்தான் அழுத்துவீர்கள். அன்று என் சுருதி இறங்கியிருந்ததா, அல்லது வாயை மூடு என்றீர்களா? இரண்டையும் மாறிமாறி நம்பியிருக்கிறேன். உங்கள் மேல் பாசம் பொங்கும் நாளில் முதலாவது, கோபம் வரும் நாளில் இரண்டாவது.

வண்டி உங்களுடையது அல்ல, பவனி போகும் வழியை நீங்கள் முடிவு செய்யவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று யாரும் கருத வேண்டாம். ஆனால் சுருதி கொடுத்தது நீங்கள்தானே. நீங்கள் இறங்கியிருந்தால் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னாலேயே குதித்திருப்போம். அந்தத் தெருப் பிள்ளை ஒருத்தி ஓய்வுநாள் பள்ளியில் என் பக்கத்தில் உட்காருவாள். மேல் சுரங்கள் அவளுக்குச் சும்மா வரும். குழுவில் சேர வந்தபோது "குரல் மற்றவர்களோடு சேரவில்லை" என்று திருப்பி அனுப்பினீர்கள். குரல்தானா சேரவில்லை? அவள் இப்போது எந்தச் சபையில் பாடுகிறாள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

நம் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரைப் பற்றி நீங்கள் சொல்லி வளர்த்ததெல்லாம் மெய். 1774இல் நம் பாளையங்கோட்டையில் பிறந்தவர், சிறுவனாகவே மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போனவர், சரபோஜி மன்னரின் மதிப்பைப் பெற்றவர். ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனையைக் குறைக்கப் பார்த்த மிஷனரிகளிடம் மல்லுக்கு நின்றவர். நீங்கள் சொல்லாத பாதியை நான் நூலகத்தில் படித்தேன். 1820களில் அதே மிஷனரிகள் எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்றபோது, அதையும் எதிர்த்து அவரே எழுதினார். பாட்டுக்காகவும் பிரிவினைக்காகவும் ஒரே மூச்சில் வழக்காடியிருக்கிறார். அன்றிரவு நூலகத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவரை நினைக்கவில்லை, உங்களைத்தான் நினைத்தேன். அவருடைய பாட்டை நான் விடப்போவதில்லை. அடிபம்புக்கு அந்தப் பக்கமும் விடவில்லையே.

மதுரை அரசரடியிலுள்ள இறையியல் கல்லூரிக்குத்தான் போகிறேன். அங்கே தியோபிலஸ் அப்பாவு ஐயா, பரட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும், நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறையையே எழுதிப் பாடவைத்தவர். 2005இல் காலமாகிவிட்டார், நான் பார்த்ததில்லை. கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் பறையைக் கொண்டுவந்தவர் என்றதும் நீங்கள் சொல்லப்போவது எனக்கு இப்போதே கேட்கிறது: "சாவு மேளம் ஆலயத்துக்குள்ளேயா?" ஏன், நம்முடைய கால் ஆர்மோனியம் பெத்லகேமிலிருந்தா கப்பலேறி வந்தது?

கோபப்படாதீர்கள். படுங்கள், பரவாயில்லை. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஆலயத்தில் நீங்கள் வாயை மட்டும் அசைக்கிறீர்கள் என்று தம்பி சொன்னான். அதைக் கேட்ட நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. ஊருக்கே சுருதி கொடுத்த தொண்டை. பக்கத்தில் வந்து நின்று உங்கள் காதோடு பாட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் நம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு நான் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். லீவு இருந்தது, டிக்கெட்கூட எடுத்திருந்தேன். வந்திருந்தால் உங்கள் பக்கத்தில் நின்று இரண்டு பாட்டுப் பாடியிருப்பேன், அசனப் பந்தியில் நீங்கள் என் இலையில் இன்னொரு கரண்டிக் கறியை வைத்திருப்பீர்கள், நான் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்திருப்பேன். அதற்குப் பயந்துதான் வரவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று எனக்கே தெளிவில்லை.

பீடம் எதற்கு என்று கேட்டீர்கள். கரோல் வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லும் ஆளாக ஒருநாள் முன்சீட்டில் உட்காருவதற்கு. ஆடம்பரமான அழைப்பு இல்லைதான். ஏசாயா தீர்க்கதரிசியைப் போல எனக்குச் சேராபீன் தூதர்கள் தெரியவில்லை. அந்த டெம்போதான் தெரிந்தது.

ஜூனில் வகுப்பு தொடங்குகிறது. தம்பி சனிக்கிழமை ஊருக்கு வருகிறான். அந்த நீள நோட்டை அவனிடம் கொடுத்தனுப்புங்கள். கீர்த்தனைகளுக்கு நீங்கள் எழுதிய ஆல்டோ வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்களுக்குப் பிறகு அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நகல் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுகிறேன். முதல் பக்கத்தில் மாமாவின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். நகலில் அதை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதுவேன், கேட்டுக்கொண்டெல்லாம் செய்ய மாட்டேன்.

உங்கள் அன்பு மருமகள்