குவிஸை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடப்பிரிவு சொல்லாதீர்கள்

மட்டக்களப்பில் மாணவர் வழிகாட்டல் நிகழ்ச்சி நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். படுவான்கரையில் நீங்கள் நடத்திய நிகழ்ச்சி நினைவிருக்கும். பிள்ளைகளிடம் ஃபோனைக் கொடுத்து ஆளுமைக் குவிஸ் ஒன்றைச் செய்யச் சொல்லி, வந்த முடிவைப் பார்த்து உயர்தரத்தில் யார் எந்தப் பாடப்பிரிவுக்குப் போகலாம் என்று சொன்னீர்கள்.

என் அக்காவின் மகளும் அதில் இருந்தாள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்தவள். 'பனி கொட்டும் நாளில் என்ன செய்வீர்கள்?' என்று அவளிடம் கேட்டிருக்கிறது. கொக்கட்டிச்சோலைப் பிள்ளை பனி கொட்டுவதை எங்கே கண்டாள்? ஏதோ ஒன்றை அமுக்கியிருக்கிறாள். 'நீங்கள் கற்பனை வளம் மிக்கவர். வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே தயங்குபவர்' என்று முடிவு வந்தது. "அப்படியே நான்தான், சின்னம்மா" என்கிறாள். கணிதப் பிரிவு உனக்குச் சரிவராது என்று உங்களில் ஒருவர் சொன்னதையும் அப்படியே நம்பிவிட்டாள். உயர்தரப் படிவத்தில் கணிதத்தை வெட்டிவிட்டுக் கலை என்று எழுதி வைத்திருக்கிறாள்.

அந்த வரி யாருக்குத்தான் பொருந்தாது? 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகளை, எல்லாருக்கும் ஒன்றேபோல, 'உன் முடிவு' என்று கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு அவர்கள் போட்ட புள்ளி சராசரியாக 4.26. வெளியே கட்டுப்பாடு, உள்ளே கலக்கம் என்ற வரி அதிலும் இருந்தது.

குவிஸ்மேல் எனக்குக் கோபமில்லை. வருஷப் பிறப்புக்குக் கூடினால் நாங்களும் 'நீ எந்தப் பூ' என்று பார்த்துச் சிரிப்போம். நம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்டால் மனம் குளிரத்தானே செய்யும். ஆனால் ஒரு பிள்ளையின் உயர்தரப் பாடத்தை அதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

தொடங்குமுன் அந்தக் குவிஸ் பெயரும் ஃபோன் நம்பரும் வேறு கேட்டதாம். அரசியல் பிரசாரத்துக்காக ஃபேஸ்புக் விவரங்களை எடுத்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் விவகாரம் 2018இல் வெளியே வந்ததே, அதற்கும் ஓர் ஆளுமைக் குவிஸ்தான் வழி. அந்தக் குவிஸைச் செய்தவர்கள் சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர்; அவர்களின் நண்பர்களையும் சேர்த்து ஃபேஸ்புக் விவரம் பறிபோனது 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை. தாய் தகப்பனிடம் ஒரு சொல் கேட்டீர்களா?

சரி, சொல்ல வந்தது இதுதான். படிவங்களைக் கொடுக்குமுன் அந்தப் பிள்ளைகளை மறுபடி கூப்பிட்டு, அது வெறும் விளையாட்டு என்று நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லி அவள் கேட்கவில்லை, உங்களைத்தான் நம்புகிறாள். அடுத்த முறை கணிதம் படிக்கும் நாலு அக்காமாரைக் கூட்டி வந்து பேசவிடுங்கள். குவிஸை வைத்துப் பாடப்பிரிவு சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பிள்ளையின் சின்னம்மா